ஜூடோவில் ஒசோதோ காரி (எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாத்தும் வீச்சு) போடப் போய் நீங்களே மல்லாந்து விழுவது ஏன்?

இடது காலை எதிராளியின் வலது பாதத்துக்குப் பக்கவாட்டில், இன்னும் ஆழமாக வையுங்கள். வலது காலால் வாருவதெல்லாம் அப்புறம்தான்.

ஒவ்வொரு முறையும் அவர் அதே வீச்சைத் திருப்பிப் போட்டு உங்களை வீழ்த்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒசோதோ காயெஷி. பெரும்பாலும் காரணம் இதுதான்: இடது கால் எட்டாமல் நின்றுவிடும், நெஞ்சு அவர் நெஞ்சோடு ஒட்டாது, இடுப்பு பின்தங்கும், அந்த நிலையில் ஒற்றைக்காலில் நிற்பது அவரல்ல, நீங்கள். கானோ ஜிகோரோ 1882-ல் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி வளர்த்த ஜூடோவில் குசுஷி, அதாவது நிலைகுலைப்பது, வீச்சுக்கு முன்னாலேயே வருவது சும்மா இல்லை.

ஒரு சோதனை:
1. உச்சிகோமியில், அதாவது வீசாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில், வாருவதற்குச் சற்றுமுன் அப்படியே நில்லுங்கள்.
2. எதிராளியிடம் அவரது வலது காலைத் தூக்கச் சொல்லுங்கள். சுலபமாகத் தூக்கினால் எடை அந்தக் குதிகாலுக்குப் போகவே இல்லை. அவரது சட்டைக்கையை உங்கள் இடுப்பை நோக்கி இழுத்து, கழுத்துப்பட்டையைப் பிடித்த கையால் அவரைப் பின்னுக்குச் சாய்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இதில் பின்மண்டை தரையில் அடிபடும் ஆபத்து உண்டு, ஜப்பானியப் பள்ளிகளில் மோசமான தலைக்காயங்களே நடந்திருக்கின்றன. தாடையை நெஞ்சோடு ஒட்டி விழத் தெரியாத புதியவர்மேல் இதை வேகமாகப் போட வேண்டாம், சட்டைக்கையையும் கடைசிவரை விடாதீர்கள்.