ஓசூர் மேட்டிலிருந்து ஒகேனக்கல் வரை: ஜோடியாகக் கோடைக் கூடாரப் பயணம் (கேள்வி பதில்)

காவேரிப்பட்டினம் வாசகர்: அண்ணே, மே மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் காரில் மூணு நாள் சுத்தலாம்னு இருக்கோம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், தருமபுரி. எங்கே டென்ட் போடலாம்?

ராத்திரி மேட்டில் தங்குங்க, பள்ளத்துக்குக் காலையில் இறங்குங்க. ஓசூர், தளி பக்கம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். ஒகேனக்கல் 250 மீட்டர் அளவுதான். 100 மீட்டர் இறங்கினால் அரை டிகிரிக்கு மேல் சூடு ஏறும் என்பது பொதுக்கணக்கு. ஆக, நாலு டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. போதாததற்கு ஒகேனக்கல் பாறை பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும். அங்கே டென்ட்டில் படுத்தால் தூக்கம் வராது. முதல் ரெண்டு ராத்திரி தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டென்ட், மூணாவது ராத்திரி தருமபுரியில் லாட்ஜ். இதுதான் என் கணக்கு.

கெலமங்கலம்: அஞ்செட்டி ரோட்டில் காட்டோரமா ஒரு ராத்திரி தங்கினால் என்ன அண்ணே?

கூடாது. அது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயப் பக்கம், 2014-இல் அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம். கோடையில் யானை தண்ணீர் தேடி ரோட்டைக் கடக்கும் இடமும் அதுதான். தேன்கனிக்கோட்டையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு காலை 7 மணிக்கு மேல் கிளம்புங்க; சாயங்காலம் 5 மணிக்கு மேல் அந்த ரோட்டில் நுழையாதீங்க. யானை நின்றால் ஹாரன் வேண்டாம், லைட்டை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், இறங்கிப் போட்டோ வேண்டவே வேண்டாம். தள்ளியே நிறுத்துங்க. அது உங்களைப் பார்த்து வந்தால் நிதானமா ரிவர்ஸ் எடுங்க.

பட்டா நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தங்குங்க. மே மாதம் மாந்தோப்பில் காவல் இருக்கும். சொல்லாமல் கார் நின்றால் மாங்காய்த் திருடன் என்றுதான் நினைப்பார்கள். வேலியில் கரண்ட் ஓடுகிறதா என்று கேட்காமல் கம்பியைத் தொடாதீங்க.

பர்கூர்: மாமரத்தடி நிழல்தானே, அங்கேயே டென்ட் போடலாமே?

பகலில் பாய் விரிக்கலாம், ராத்திரி வேண்டாம். கோடை மழை சாயங்காலத்துக்கு மேல் சூறைக்காற்றோடு வரும். கிளை முறியும், அரைக்கிலோ பெங்களூரா மாங்காய் உச்சியிலிருந்து விழுந்தால் டென்ட் கம்பியே வளையும். புளியமரம், தென்னைக்கும் இதே கதைதான். களத்துமேடு நல்ல இடம்: சமமா இருக்கும், கூட்டிப் பெருக்கியிருப்பார்கள். இடி இடித்தால் மட்டும் டென்ட்டை விட்டுவிட்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருங்க.

மே மாதச் செம்மண் கல்லாட்டம் இறுகியிருக்கும். டென்ட்டோடு வரும் கம்பி முளை ரெண்டே அடியில் வளைந்துவிடும். 25 சென்டிமீட்டர் இரும்பு முளை பத்து, ஒரு சின்னக் கடப்பாரை, சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்க. முளை இறங்க வேண்டிய இடத்தில் ஒரு சொம்புத் தண்ணி ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்க. கடப்பாரையால் குழி திறந்துவிட்டு, முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி அடியுங்க. நேராக அடித்த முளையைக் காற்று பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிவிடும். பாறைக்களமாக இருந்தால் முளைக்கு வேலையே இல்லை. கயிற்றைத் தலையளவு கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை ஏற்றிவிடுங்க.

பென்னாகரம்: தண்ணி எவ்வளவு எடுத்துக்கணும்? போற வழியில் போர்வெல்லில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கலாமா?

ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 8 லிட்டர், சமைக்க 4, கை கழுவ, பாத்திரம் கழுவ 8. ஆக ஒரு 20 லிட்டர் கேன். தினமும் மாற்றிக்கொள்ளுங்க.

போர்வெல் விஷயத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்திலும் கவனம் வேணும். பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. பல்லில் காவி படிவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கொஞ்சம் செறிவாகும். மூணு நாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் காவிரித் தண்ணி வரும் குழாய் இருக்கும்போது போர்வெல் எதற்கு? போர்வெல் தண்ணியைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்க.

பாலக்கோடு: அண்ணா, சின்ன கேஸ் டப்பா அடுப்பு வாங்கியிருக்கோம். காரிலேயே வைக்கலாமா?

ஓடும்போது வைக்கலாம்மா. வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் கூடாது. டப்பா 50 டிகிரியைத் தாண்டவே கூடாது, மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். காற்றுக்குத் தடுப்பு வைத்தால் அடுப்பைச் சுற்றி முழுசாக வளைக்காதீங்க, அனல் திரும்பி டப்பாவைச் சுடும். டென்ட்டுக்குள் பற்றவைக்கவே வேண்டாம். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு தெரியாமலேயே ஆளைச் சாய்த்துவிடும். சோறு கட்டுவதானால் புளிசாதம் சாயங்காலம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் ஊசிவிடும்.

ஊத்தங்கரை: ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா?

தண்ணீர் வரத்தைப் பொறுத்தது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்க. வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் கொக்கியை மாட்டியபின் ஏறுங்க. ஆற்றில் முதலை உண்டு, ஒதுக்குப்புற மடுவில் இறங்காதீங்க.

அரூர்: தருமபுரியிலிருந்து சேலம் போக நினைத்தால்?

தொப்பூர் கணவாய் இறக்கம். ஆரம்பத்திலேயே மூணாவது கியருக்கு வந்துவிடுங்க, லாரிக்குப் பின்னால் ஒட்டாதீங்க. நியூட்ரலில் உருட்டினால் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். கருகிய வாடை வந்தால் சமதளத்தில் ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்க. டிஸ்க்கில் தண்ணி ஊற்றினால் கோணிப்போகும்.

மத்தூர்: பாம்பு கடித்தால்?

கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்டவரை நடக்கவிடாதீங்க. 108. கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்க, தேள் இருக்கும்.

சூளகிரி: திரும்பும்போது மாம்பழம் வாங்கலாமா?

மே மாதம் செந்தூரா கிடைக்கும். பழக்கூடையை டென்ட்டுக்குள் மட்டும் வைக்காதீங்க, வாசனைக்கு யானை வரும்.