சி டிரைவில் இடமில்லை: பழைய புதுப்பிப்புக் கோப்புகள் பற்றிய கேள்வி பதில்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளில் பழைய புதுப்பிப்புகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மீட்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலரும் ஒரே கோப்புறையைப் பற்றியே கேட்டிருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் 128 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ மட்டும் 14 ஜிபி என்று காட்டுகிறது. அதற்குள் பழைய புதுப்பிப்புகள்தான் இருக்கின்றன என்கிறார்கள். முழுவதையும் டெலீட் செய்துவிடலாமா?

பதில்: செய்யவே கூடாது. விண்டோஸின் ஒவ்வொரு உறுப்புக்குமான மூலச் சரக்கறை அந்தக் கோப்புறை. ஒரு புதுப்பிப்பு வரும்போது புதிய கோப்பு அங்கே வந்து சேர்கிறது. பழையதும் உடனே அகற்றப்படாமல், புதுப்பிப்பில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் திரும்பிச் செல்வதற்காக அங்கேயே வைக்கப்படுகிறது. நீங்கள் மீட்க விரும்பும் இடம் இந்தப் பழைய பிரதிகள் பிடித்திருக்கும் இடம் மட்டுமே.

நீங்கள் பார்த்த 14 ஜிபி என்ற எண்ணும் உண்மையான அளவு அன்று. வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் உள்ள கோப்புகளில் பல, சிஸ்டம்32 போன்ற வேறு கோப்புறைகளிலும் தென்படும். ஆனால் வட்டில் இருப்பது ஒரே கோப்புதான், அதற்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இதை ‘ஹார்டு லிங்க்’ என்பார்கள். ஃபைல் எக்ஸ்புளோரர் இரண்டு இடங்களிலும் அதைத் தனித்தனியாக எண்ணிவிடுவதால் கோப்புறை பெருத்துத் தெரிகிறது. விண்டோஸுடன் வரும் ‘டிஸ்ம்’ என்ற கருவியின் ‘அனலைஸ் காம்பொனன்ட் ஸ்டோர்’ கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், எக்ஸ்புளோரர் காட்டும் அளவு, உண்மையான அளவு, சுத்தம் செய்வது தேவையா என்ற மூன்றையும் அதுவே சொல்லிவிடும்.

கோப்புறையின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பெரிய கோப்புகளாகப் பார்த்து அழித்த ஒருவரின் கணினி ஒருமுறை என்னிடம் வந்தது. அது இயங்கியது, ஆனால் அதன் பிறகு எந்தப் புதுப்பிப்பும் அதில் ஏறவில்லை. இறுதியில் விண்டோஸை முழுவதுமாக மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்படியானால் பழைய பிரதிகளை மட்டும் எப்படி நீக்குவது? கட்டளை தட்டச்சு செய்யத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

பதில்: ஸ்டார்ட் மெனுவில் ‘டிஸ்க் கிளீனப்’ என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வரும் சாளரத்தின் கீழே ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். இதை அழுத்தி, கணினி இன்னொரு முறை கணக்கிட்டு முடித்த பிறகுதான் ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்ற வரி பட்டியலில் தோன்றும். அதில் டிக் செய்து ஓகே கொடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனாலும் இதே வேலை நடக்கும்.

இது பத்து நிமிடத்திலும் முடியலாம்; பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் ஓடலாம். வேலையின் ஒரு பகுதி கணினியை அணைத்து மீண்டும் தொடங்கும்போது நடப்பதும் உண்டு. திரை அசையாமல் நிற்கிறதே என்று பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டாம். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவையுங்கள். மேசைக்கணினிக்கு யுபிஎஸ் இல்லையென்றால் மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் தொடங்காதீர்கள்.

கேள்வி: டிஸ்ம் கட்டளையுடன் ‘ரீசெட் பேஸ்’ சேர்த்தால் இன்னும் அதிக இடம் கிடைக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: அது கூடுதலாக எதை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே பின்னணியில் இந்தச் சுத்திகரிப்பைச் செய்துவருகிறது. ஒரு உறுப்பு புதுப்பிக்கப்பட்டு 30 நாட்களாவது ஆன பிறகுதான் அதன் பழைய பிரதியை நீக்கும், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. ‘ஸ்டார்ட் காம்பொனன்ட் கிளீனப்’ கட்டளையை நீங்களே டிஸ்ம் வழியாகக் கொடுத்தால் அந்த 30 நாள் காத்திருப்பும் இல்லை, நேர வரம்பும் இல்லை. அதனுடன் ‘ரீசெட் பேஸ்’ சேர்த்தால், அதுவரை நிறுவப்பட்ட எந்தப் புதுப்பிப்பையும் பிறகு நீக்க முடியாது. சென்ற வாரம் வந்த புதுப்பிப்பால் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரம் தெரியவந்தால், அதை அகற்றிப் பார்க்கும் வழி அடைபட்டிருக்கும். அலுவலகக் கணினியில் நான் இதைச் செய்வதில்லை.

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறினேன். ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று 22 ஜிபிக்கு ஒரு கோப்புறை வந்திருக்கிறது.

பதில்: அது உங்கள் பழைய விண்டோஸ். மாறிய பிறகு 10 நாட்கள் வரை ‘கோ பேக்’ மூலம் பழையதற்குத் திரும்ப முடிவது அந்தக் கோப்புறையால்தான். 2016-க்கு முன் இந்த அவகாசம் 30 நாட்களாக இருந்தது. கெடு முடிந்ததும் விண்டோஸே அதை நீக்கிவிடும். அவசரமென்றால் டிஸ்க் கிளீனப்பில் ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்’ என்பதை டிக் செய்யலாம். அதற்கு முன் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சுக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் புதியதில் ஓடுகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் யாராவது விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்திருந்தால், உங்கள் பழைய டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், புகைப்படங்கள் அனைத்தும் விண்டோஸ்.ஓல்டுக்குள் உள்ள ‘யூசர்ஸ்’ கோப்புறையில்தான் இருக்கும். அவற்றை வெளியே எடுத்துவைக்காமல் நீக்கினால் வேறெங்கும் பிரதி இராது. குழந்தையின் படங்களைத் தேடி வருபவரிடம் ‘இனி இல்லை’ என்று சொல்ல நேர்வது மிகவும் வேதனையானது. தயவுசெய்து இதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சுத்தம் செய்யும்போது எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்துவிட்டேன். டவுன்லோட்ஸ் கோப்புறையே காலியாகிவிட்டது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

பதில்: 2018 அக்டோபர் பதிப்பில் டிஸ்க் கிளீனப்பின் பட்டியலில் டவுன்லோட்ஸும் சேர்க்கப்பட்டது, இப்படிப் பலர் கோப்புகளை இழந்தார்கள், பிந்தைய பதிப்புகளில் அது எடுக்கப்பட்டது. ஆனால் செட்டிங்ஸின் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தில் அது இன்றும் இருக்கிறது. உடனே அந்த டிரைவில் எதையும் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து மீட்பு மென்பொருளால் முயன்று பாருங்கள். ஹார்டு டிஸ்க்காக இருந்தால் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டி என்றால், நீக்கிய இடத்தை அது தானே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ கோப்புறையை நீக்கலாமா?

பதில்: விண்டோஸ் இறக்கும் புதுப்பிப்புகளை நிறுவும்வரை வைத்திருக்கும் கோப்புறை அது. முழுவதையும் வேண்டாம். சர்வீசஸ் சாளரத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’ சேவையை நிறுத்திவிட்டு, அதனுள் இருக்கும் ‘டவுன்லோடு’ கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சேவையை மீண்டும் தொடங்குங்கள். தேவையானதை விண்டோஸ் மறுபடி இறக்கிக்கொள்ளும். அளவுக்கு உட்பட்ட மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் கோப்புறைக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று மறைந்திருக்கும் கோப்புறை?

பதில்: தொடாதீர்கள். நிறுவிய மென்பொருள்களைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அகற்றவும் அந்தக் கோப்புகள் வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியபின், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அப்டேட் கிளீனப் 8.63 ஜிபி என்றே காட்டியது. வட்டு பழுதா?

பதில்: வட்டில் பழுதில்லை. 2024 அக்டோபரில் பலருக்கும் இதே எண் வந்தது. கணக்கிட்டுக் காட்டுவதில் ஏற்பட்ட பிழை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கமளித்தது. சுத்திகரிப்பு உண்மையில் நடந்துவிட்டது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் மடிக்கணினியில் மொத்தமே 32 ஜிபிதான். எல்லாவற்றையும் நீக்கியும் புதுப்பிப்புக்கு இடம் போதவில்லை.

பதில்: அந்த அளவுக்குள் விண்டோஸ் 10 இருப்பதே நெருக்கடிதான். பெரிய புதுப்பிப்பு வரும்போது காலியான பென்டிரைவைச் செருகினால், தற்காலிகக் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ள விண்டோஸே வழி காட்டும். ‘காம்பாக்ட் ஓஎஸ்’ என்ற வசதியால் விண்டோஸ் கோப்புகளைச் சுருக்கியும் வைக்கலாம். வேகம் சற்றுக் குறையலாம், ஆனால் சில ஜிபி கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும். எனவே இந்தக் கணினிக்காகப் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே செய்தேன், 3 ஜிபிதான் மீண்டது. சி டிரைவ் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

பதில்: அப்படியானால் இடத்தைப் பிடித்திருப்பது புதுப்பிப்புகள் அல்ல. ஸ்டோரேஜ் பக்கத்தில் எந்தப் பிரிவு பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். அதோடு, கணினியை அணைக்கும்போது திறந்திருக்கும் வேலைகளை அப்படியே வட்டில் சேமித்துவைக்கப் பயன்படும் ஹைபர்னேஷன் கோப்பையும் கவனியுங்கள். விண்டோஸ் 10-இல் அது வழக்கமாக ரேமின் 40 விழுக்காடு அளவுக்கு இருக்கும், அதாவது 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஏறக்குறைய 6.4 ஜிபி. ஹைபர்னேட் வசதியை நீங்கள் பயன்படுத்துவதே இல்லையென்றால் அதை அணைத்துவிடலாம். கோப்பு அப்போதே மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் உடன் நின்றுவிடுவதால், கணினி திறக்கச் சில விநாடிகள் கூடுதலாக ஆகும்.