படித்ததும் பட்டதும்: வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் படித்த ஒரு நூலைப் பற்றி மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதும்படி சென்ற இதழில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களைக் கேட்டிருந்தோம். பழைய வடஆர்க்காட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் கடிதங்கள் வந்துள்ளன. வெறும் பாராட்டாக வந்தவற்றைவிட, மாறுபட்டும் மனம் நொந்தும் எழுதப்பட்டவற்றுக்கே இங்கே முதலிடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: மு.வ.வின் 'அகல் விளக்கு' எங்கள் ஊர்க் கதை என்று சொல்லிப் பள்ளியில் பரிசாகத் தந்தார்கள். கதைக்கு நடுவே யாராவது ஒருவர் அறிவுரை சொல்லிக்கொண்டே இருப்பதாக எனக்குத் தோன்றியதால் பாதியில் வைத்துவிட்டேன். நான் நினைப்பது தவறா, ஐயா?
– கல்லூரி மாணவி, வாலாஜாபேட்டை

பதில்: தவறில்லை, அம்மா. வாலாஜாவை அடுத்த வேலம் கிராமத்தைச் சேர்ந்த மு.வ., கதை சொல்லும்போதும் வகுப்பறையை விட்டு முழுவதுமாக வெளியே வந்தவர் அல்லர். இளைஞர்கள் தடம் மாறிவிடக் கூடாதே என்ற கவலை அவருடைய வரிக்கு வரி தெரியும். 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல் என்பதற்காக உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ஆனால் பாதியில் நிறுத்தியதால், அந்த அறிவுரைகளுக்கெல்லாம் அடியில் ஓடுகிற துயரத்தை நீங்கள் இன்னும் தொடவில்லை என்று நினைக்கிறேன். அழகும் அறிவும் ஒருங்கே வாய்த்த சந்திரன் சிறிது சிறிதாகச் சீரழிவதையும், அவனுக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்த வேலய்யன் நிதானமாகக் காலூன்றுவதையும் ஆசிரியர் அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். சந்திரன் நோயில் விழுந்த பிறகு வருகிற பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் உங்கள் கருத்து மாறாவிட்டால், எந்தப் பக்கத்தில், எந்தப் பேச்சு கதையை மறித்து நின்றது என்று குறிப்பிடுங்கள். அதை அப்படியே வெளியிடுவேன்.

கேள்வி: என் தந்தையார் முப்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். டி. செல்வராஜின் 'தோல்' நாவலை இரவு நேரங்களில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சுண்ணாம்புக் குழி வருகிற இடத்தில் இரண்டு கைகளையும் விளக்குக்கு நேராக விரித்துப் பார்த்துக்கொண்டாரே தவிர, வாய் திறக்கவில்லை. நூலைப் பற்றி என் கருத்தாக அவருடைய மௌனத்தைத்தான் அனுப்ப முடிகிறது.
– இல்லத்தரசி, ஆம்பூர்

பதில்: இம்முறை வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்களுடையது. அந்த நாவல் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் கதை. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அங்கே நடந்ததாக எழுதப்பட்டதைப் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கதையாகவே படிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் வேலையின் ஒற்றுமைதான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்ற பின் எடுத்துச் சவ்வைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடுக்காய் நீர் காட்டி முடிக்கிற பழைய முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் மனிதக் கை நனைந்தாக வேண்டும். சிறுவயதில் எங்கள் தெருவில் அத்தகைய கையொன்றை அருகில் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்குகள் வெடித்து, நகங்கள் பட்டைச் சாறு ஏறிக் கருத்து, உள்ளங்கை ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. அந்தப் பெரியவர் சோற்றைப் பிசையும்போது காரம் பட்டுவிடாமல் விரல் நுனியால் மட்டும் தொடுவார்.

நாவலில் மாந்தர் கூட்டம் பெரிது என்பதும், சங்கக் கூட்டங்களின் பேச்சுகள் சில இடங்களில் நீண்டுவிடுகின்றன என்பதும் என் கருத்து. உங்கள் தந்தையார் கையை விரித்துப் பார்த்த அந்தக் கணத்திற்கு முன்னால் இந்தக் குறைகளை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அவர் பேச முன்வரும் நாளில், அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: அழகிய பெரியவனின் எழுத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு அப்படியே வருகிறது. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். மாணவர்களிடம் எதைத் திருத்தினேனோ, அதையே அச்சில் காணும்போது மனம் ஒப்பவில்லை. இது மொழிக்கு நல்லதா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், குடியாத்தம்

பதில்: ஐயா, தங்கள் கவலை மொழிப்பற்றில் பிறந்தது என்பதை அறிவேன். ஆயினும் இதில் தங்களோடு உடன்பட இயலவில்லை. தேர்வுத்தாளில் 'வந்துகினு' என்று எழுதிய மாணவனைத் தாங்கள் திருத்தியது முறை. அதே மாணவனின் தாய், கதையில் தன் மகனைப் பார்த்து, 'எங்க போய்கினு கீற?' என்று கேட்கும்போது அதைத் திருத்தினால், அந்தத் தாய் வேறொருத்தி ஆகிவிடுகிறாள். நெல்லை வழக்கையும் கரிசல் வழக்கையும் இலக்கியம் என்று வரவேற்ற நாம், நம் பகுதிப் பேச்சு மட்டும் நீண்ட காலம் திரைப்படங்களில் சிரிப்பு மூட்டுவதற்கே பயன்பட்டதைப் பொறுத்துக்கொண்டோம். பேரணாம்பட்டுப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர் 'தகப்பன் கொடி' போன்ற நாவலில் தலித் மக்களின் இழப்பையும் மானத்தையும் பேச வரும்போது, அந்த மண்ணின் பேச்சும் கூடவே வரத்தான் செய்யும். என் பாட்டி பேசிய சொற்களை அச்சில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கேள்வி: 'பொன்னியின் செல்வ'னை மூன்று முறை படித்துவிட்டேன். அதை வரலாறு என்றே நம்பலாமா?
– ரயில்வே ஊழியர், அரக்கோணம்

பதில்: நம்ப வேண்டாம், ஆனால் அது காட்டும் திசையில் நடந்து பாருங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்தப் புதினத்தில் நந்தினி கற்பனை. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதோ உடையார்குடிக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிற செய்தி. உங்கள் ஊருக்கு அருகிலேயே தக்கோலம் இருக்கிறது. 949ஆம் ஆண்டுப் போரில் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடி உயிர்விட்ட களம் அது. பொன்னை ஆற்றங்கரையில் உள்ள மேல்பாடியில், ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், நிற்கிறது. நான்காம் முறை படிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பாடிக்குப் போய்வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பேசுவது உருது, நான் படித்தது தமிழ். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' மிகவும் பிடித்தது. ஆனால் அந்தக் குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சும் உணவும் எங்களுக்கு அந்நியமாக இருந்தன. எங்களைப் பற்றிய நாவல் எங்கே?
– துணிக்கடை உரிமையாளர், வாணியம்பாடி

பதில்: இந்தக் கேள்வி என்னையும் நெடுநாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. தமிழக முஸ்லிம்கள் அனைவரும் ஒரே வாழ்க்கை வாழ்வதாகப் பலர் எண்ணிக்கொள்வதற்கு, உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் தமிழ்ப் புனைகதையில் அதிகம் இடம்பெறாததும் ஒரு காரணம். வீட்டில் உருதும் கடையில் தமிழும் பாலாற்றுக்கு அப்பால் போனால் தெலுங்குமாக நாள் முழுவதும் மொழி மாறுகிற ஒருவரின் மனத்தை, அப்படி வாழ்ந்தவர்தான் எழுத முடியும். மீரானும் பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்தவர்தான். தம் ஊர்ப் பேச்சை அவர் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தபோது அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் எழுதத் தொடங்கினால் முதல் அத்தியாயத்தை எங்களுக்கு அனுப்புங்கள். உருதுச் சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டியதில்லை, கதையே அவற்றை விளக்கிவிடும்.