இன்ஜினிலிருந்து தொடங்க வேண்டாம்: தாழ்த்திய பிக்கப் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: ஐயா, குலசேகரத்தை அடுத்த மலையோரத்தில் எங்களுக்கு ரப்பர் விளை இருக்கிறது. என்னிடம் உள்ள இசுசு டி-மேக்ஸ் பிக்கப் டீசல் வண்டி, பின்சக்கர இழுவை. பார்வைக்காக முன்பக்க ஸ்பிரிங்கை வெட்டியும், பின்பக்க பிளேட் செட்டில் சில பட்டைகளைக் கழற்றியும் மூன்று அங்குலம் தாழ்த்தியிருக்கிறேன். மழை பெய்தால் விளைக்கு ஏறும் செம்மண் சரிவில் பின்சக்கரம் வெறுமனே சுழல்கிறது. இப்போது பழைய செவர்லே ஃபாரஸ்டர் கார் ஒன்று விலைக்கு வருகிறது. அதன் பாக்ஸர் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே என் வண்டியில் ஏற்றி, நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்ய ஆசைப்படுகிறேன். மூன்று பட்டறைகளில் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே சரிவராதா, அல்லது அவர்களுக்குச் செய்து பழக்கமில்லையா?
— மலையோர வாசகர், குலசேகரம்

பதில்: அவர்கள் சொன்னதும் சரி, உங்கள் சந்தேகமும் சரி. நம் மாவட்டத்துப் பட்டறைகளுக்கு இது பழகிய வேலை அல்ல என்பது உண்மைதான்; ஆனால் அவர்கள் கைவிரித்ததற்குப் பழக்கமின்மை மட்டுமே காரணமாக இருக்காது. ஓர் இன்ஜின் விலைக்கு வருகிறது என்பதற்காக நீங்கள் திட்டத்தை இன்ஜினிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான்கு சக்கர இழுவை வேலையை முன் அச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்சக்கரத்துக்குள் அச்சு எப்படி நுழையப்போகிறது, எந்தக் கோணத்தில் நுழையப்போகிறது என்பது தெரிந்த பிறகே எந்த இன்ஜின் என்ற பேச்சுக்கு இடமுண்டு.

ஃபாரஸ்டர் என்பது ஜப்பானின் சுபாரு நிறுவனம் செய்த கார். இங்கே செவர்லே முத்திரையுடன் 2000-களில் குறைந்த எண்ணிக்கையில் விற்கப்பட்டது. அதன் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல், இரண்டு இடப்புறமும் இரண்டு வலப்புறமுமாகப் படுத்திருக்கும்; இதைத்தான் பாக்ஸர் என்கிறோம். ஆகவே நீளமும் உயரமும் குறைவு, அகலம் மிகுதி. இன்ஜினுக்குப் பின்னால் வரும் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே முன்சக்கர டிஃபரென்ஷியல், அதாவது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி, இருக்கிறது. அதன் பின்முனையில், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியல் இருக்கிறது. முன்சக்கரங்களுக்குப் போகும் அரை அச்சுகள் கியர்பாக்ஸின் இருபுறத்திலிருந்தும் வெளியே வருகின்றன. காருக்கு இது மிக அழகான ஏற்பாடு. ஆனால் இதனால் இன்ஜின் முழுவதும் முன்சக்கர மையத்துக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. உங்கள் பிக்கப்பில் அந்த இடத்தில் இப்போது ரேடியேட்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் சேசிஸின் குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் அமைப்பும் அரை அச்சுகளின் வழியை மறிக்கின்றனவா என்பதையும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அகலத்தால் வரும் தொல்லையைப் பலர் முதலில் எண்ணிப் பார்ப்பதில்லை. படுத்த சிலிண்டர்களின் தலைப்பகுதியில், அதாவது இன்ஜினின் இரு விலாப்புறங்களிலும், ஸ்பார்க் பிளக்குகள் இருக்கின்றன. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே இன்ஜினை எப்படியோ இறக்கிவிட்டாலும், பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் நுழைய ஒரு சாண் இடம் வேண்டாமா? அந்த இடம் இல்லாவிட்டால் பிளக் மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் தாங்கிகளைத் தளர்த்தி ஜாக்கியால் தூக்க வேண்டியிருக்கும். வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவு வந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது ஹப், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுக்குடம். பின்சக்கர இழுவை வண்டியின் முன் ஹப், சக்கரம் சுழல்வதற்கு மட்டுமே செய்யப்பட்டது. அதன் நடுவே அச்சு நுழையப் பல் வெட்டிய துளை கிடையாது. ஆகவே ஹப், அதைத் தாங்கி ஸ்டீயரிங்குக்கு ஏற்பத் திரும்பும் நக்கிள், பேரிங், பிரேக் தாங்கி ஆகிய அனைத்தும் நான்கு சக்கர இழுவை வண்டியிலிருந்து வர வேண்டும். டி-மேக்ஸ் வி-கிராஸின் 4×4 (நான்கு சக்கர இழுவை) வகை 2016 முதல் இந்தியாவில் விற்கப்படுவதால் உதிரிபாகம் கிடைக்காத நிலை இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் பொருந்திவிடும் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இரு வண்டிகளையும் அருகருகே நிறுத்தி, நக்கிளைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடைப்பட்ட தூரத்தையும், அவற்றின் முனையிலுள்ள பால் ஜாயிண்டின் அளவையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.

இனி தாழ்த்தலுக்கு வருகிறேன். உங்கள் ஆசைகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது இங்கேதான். வண்டியை மூன்று அங்குலம் தாழ்த்துவது என்றால், சேசிஸைப் பொறுத்தவரை சக்கரத்தின் மையம் மூன்று அங்குலம், அதாவது ஏறத்தாழ 75 மில்லிமீட்டர், மேலே ஏறிவிடுகிறது என்று பொருள். அரை அச்சின் இரு மூட்டுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 375 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாழ்த்துவதற்கு முன் அச்சு மட்டமாக இருந்திருந்தால், தாழ்த்திய பிறகு வண்டி சும்மா நிற்கும்போதே சுமார் 11 பாகைச் சாய்வில் இருக்கும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி இன்னொரு 75 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது 22 பாகை ஆகிவிடும். உள்பக்க மூட்டு அந்தச் சாய்வில் நெடுநேரம் சுழல்வதற்காகச் செய்யப்பட்டதன்று. முதலில் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் சிதறும், பிறகு செம்மண் உள்ளே போகும், அதற்குப் பிறகு மூட்டு கடகடக்கத் தொடங்கும். இதைத் தவிர்க்கக் கியர்பாக்ஸையும் அதே மூன்று அங்குலம் உயர்த்தி வைக்கலாம். பாக்ஸர் குட்டையானது என்பதால் பானட்டின் கீழே இடம் கிடைக்கக்கூடும். ஆனால் கேபினின் தரையை வெட்ட வேண்டி வரலாம், பின் அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டின் கோணமும் மாறும். ஷாப்டின் இரு முனை மூட்டுகளான முன் கிராஸும் பின் கிராஸும் ஒரே அளவு கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் துடிப்பை மற்றொன்று சமன்செய்யும். இல்லையென்றால் வேகம் ஏற ஏற வண்டியின் தரை அதிரும்.

பல் விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் டிஃபரென்ஷியல் ஃபாரஸ்டருடையது, பின் டிஃபரென்ஷியல் டி-மேக்ஸுடையது என்றால் இரண்டின் கிரவுன்–பினியன் விகிதமும், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதும், ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நேர்ச்சாலையில் போகும்போதும் நடு டிஃபரென்ஷியல் ஓய்வின்றிச் சுழன்று, சூடேறித் தீய்ந்துவிடும். விகிதத்தை அறிய ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்றது தரையிலேயே அசையாமல் இருக்கட்டும். புரொப்பல்லர் ஷாப்டிலும் தூக்கிய சக்கரத்திலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கு சுற்றும் பத்தில் ஒரு பங்கும் வந்தால் 4.1 என்று கொள்ளுங்கள். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் அடியில் படுத்து எண்ணினால் பிழை வராது.

தாழ்ந்த பிக்கப்பும் நான்கு சக்கர இழுவையும் சேரவே சேராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் 1991-இல் சைக்ளோன் என்ற பெயரில் அப்படி ஒரு வண்டியைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. டர்போ பொருத்திய 4.3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 280 குதிரைத்திறன், இழுவையில் 35 விழுக்காடு முன்னுக்கும் 65 விழுக்காடு பின்னுக்கும் எப்போதும் பங்கிடும் அமைப்பு ஆகியவை அதில் இருந்தன. ஆனால் அவர்கள் நான்கு சக்கர இழுவைக்கான சேசிஸையும் முன் அச்சையும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே வண்டியைத் தாழ்த்தினார்கள். அவ்வளவு செய்தும் அந்த வண்டியில் 500 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 227 கிலோவுக்கு, மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று எச்சரித்தார்கள். காய்ந்த ரப்பர் ஷீட் கட்டுகளை அடுக்கத் தொடங்கினால் அந்த அளவு எவ்வளவு விரைவில் நிறைந்துவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஃபாரஸ்டரை வாங்குவதை எதிர்க்க இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. செவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. சுபாருவோ தன் பெயரில் இங்கே கார் விற்றதே இல்லை. கிளச் தட்டு வேண்டுமென்றாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். மேலும், உங்கள் டீசல் இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே இழுப்பைக் கொடுக்கக்கூடியது. அந்தப் பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏறினால்தான் கொடுக்கும். ஈரச் செம்மண்ணில் மெதுவாக ஏற வேண்டிய சரிவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி ஏறுவது சக்கரம் மறுபடியும் சுழலத்தான் வழிசெய்யும்.

ஆகவே என் யோசனை இது. 4×4 வி-கிராஸ் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் டீசல் இன்ஜினையும் முன் அச்சையும் தொடாமல், அளவுக்கேற்பச் செய்த ஸ்பிரிங் போட்டு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் தாழ்த்துங்கள். வெட்டிய ஸ்பிரிங்கை எந்த நிலையிலும் வைத்திருக்க வேண்டாம். சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்போது அது தன் இருக்கையிலிருந்து நழுவிவிடக்கூடும். அதற்கும் முன்னால், செலவில்லாத ஒரு சோதனை செய்து பாருங்கள்: காலி வண்டியின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நான்கு மூட்டை மணலை அடுக்கி, டயரின் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, அதே சரிவில் ஏறிப் பாருங்கள். பிக்கப்பில் பாரம் இல்லாதபோது பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இருப்பதில்லை. தேய்ந்த சாலை டயரும் சேர்ந்திருந்தால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: என் உறவினரின் வண்டியில் நாலு சக்கர லீவரைப் போட்டுவிட்டுத் தார்ச்சாலையில் வளைவெடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடும் கார்களில் அப்படி இல்லையே, ஏன்?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அந்த வண்டியில் நடு டிஃபரென்ஷியல் இல்லை என்று தெரிகிறது. லீவரைப் போட்டதும் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சம அளவில் சுழலும். ஆனால் வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள பிக்கப் ஒன்று, பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் வரும்படி ஒரு முக்கில் திரும்புகிறது என்று கொள்ளுங்கள். அப்போது முன் அச்சின் நடு ஏறத்தாழ 6.75 மீட்டர் ஆரத்தில் வரும். அந்தக் கால்வட்டத்தைக் கடப்பதற்குள் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாகவே ஓடியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வழுக்க விடாது. ஆகவே ஷாப்டும் பற்களும் முறுகும், அந்த முறுக்கத்தைத்தான் நீங்கள் உணர்கிறீர்கள். உங்கள் உறவினரிடம் தேசிய நெடுஞ்சாலை 66-இல் அந்த லீவரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். முறுகி இறுகி லீவர் திரும்ப வராவிட்டால் வண்டியைச் சில அடி நேராகப் பின்னுக்கு ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: இப்படி இன்ஜினும் அச்சும் மாற்றிய வண்டியை நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள முடியுமா?
— வாசகர், தோவாளை

பதில்: நீங்கள் கேட்கும் வகை மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பக்கத்துக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எரிவாயுவுக்கு மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு முறையான வழி உண்டு. டீசல் பிக்கப்பில் வேறொரு நிறுவனத்தின் பெட்ரோல் இன்ஜினை வைப்பது அதில் சேராது. சரக்கு வண்டியாகப் பதிவானது என்றால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று நாளிலேயே சிக்கிக்கொள்ளும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்க இடமுண்டு. பொதுமக்கள் வந்துபோகாத சொந்த வேலிக்குள் மட்டும் ஓட்டுவதற்காகச் செய்கிறீர்கள் என்றால், பட்டறையிலிருந்து விளைவரை அந்த வண்டியை ஓட்டிச் செல்லாமல் லாரியில் ஏற்றியே கொண்டுபோங்கள்.