லீக் மாறினால் மகளின் உதவித்தொகை என்னாகும்?

வணக்கம். மகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வாலிபால் ஆடச் சேரப்போகிறாள், நடுவில் கல்லூரி ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற கல்லூரி விளையாட்டு லீகை விட்டுப் போனால் உதவித்தொகை என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். பணம் தருவது கல்லூரி, லீக் இல்லை.

லீகை விட்டு விலகுவது பற்றிக் கல்லூரிக்கும் ஏசிசிக்கும் நடந்த வழக்கு 2025 மார்ச்சில் சமரசமானது. அதன்படி 2026இல் விலகினால் கல்லூரி 16.5 கோடி டாலர் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து, 2030-31இல் 7.5 கோடியாகிவிடும். அதற்கு முன் கிளம்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எனக்குக் கவலை பயணம்தான். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, கால் பெர்க்லி பல்கலைக்கழகங்கள் 2024லேயே ஏசிசிக்கு வந்துவிட்டன. மகளின் கல்லூரி இருக்கும் டாலஹாசியிலிருந்து கலிபோர்னியா போனால் கடிகாரமே மூன்று மணி நேரம் மாறும். திரும்பி வந்து காலை வகுப்பில் உட்கார வேண்டும், பாவம். அதனால் பயிற்சியாளரிடம் போன சீசன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வகுப்புகள் தவறின, தேர்வை எப்படி ஈடுகட்டினார்கள் என்றும் கேளுங்கள்.