ஹப் கடையும்போது மூலையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே இரண்டு பேர் உட்காரும் சின்ன கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆளோடு சேர்த்து 700 கிலோ வரும். நான் வாங்கி வைத்திருக்கும் ரிம்முக்கும் கையில் இருக்கும் ஹப்புக்கும் (சக்கரத்தை மாட்டும், பேரிங்கில் சுற்றும் நடுப்பாகம்) போல்ட் துளைகள் பொருந்தவில்லை, பேரிங்கும் வேறு அளவு. அதனால் நான்கு ஹப்பையும் புதிதாகக் கடைந்துவிடலாம் என்று இருக்கிறேன். அலுமினியத்தில் செய்தால் எடை குறையும் அல்லவா? லேத்காரரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், ஹப்பைத்தான் மாற்ற வேண்டுமா? உங்கள் ரிம்மின் துளை அமைப்புக்கே பொருந்துகிற ஹப், பேரிங்கோடு ஒரே உருப்படியாக, மூன்று நான்கு போல்ட்டில் மாட்டுகிற மாதிரி பல கார்களில் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு, அது உட்காரும் நக்கிளை, அதாவது சஸ்பென்ஷனோடு இணையும் தாங்கியை, மட்டும் உங்கள் சஸ்பென்ஷனுக்குத் தக்கபடி செய்தால், உயிரைத் தாங்குகிற பாகம் சோதித்துப் பார்த்த பாகமாக இருக்கும். என்னைக் கேட்டால் பத்தில் எட்டு வண்டிக்கு இது போதும். ஒரு எச்சரிக்கை: டிரைவ் உள்ள, அதாவது எஞ்சின் சுழற்றுகிற, சக்கரத்துக்காகச் செய்த இந்த ஹப்புகளில் பல, ஆக்ஸில் முனையும் அதன் நட்டும் இறுக்கிப் பிடித்தால்தான் பேரிங் ஒன்றாக நிற்கும்படி இருக்கும். அதை டிரைவ் இல்லாத சக்கரத்தில் வெறுமனே மாட்டக்கூடாது, அந்த முனையை மட்டும் வெட்டி நட்டோடு போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும்.

இல்லை, கடையத்தான் வேண்டும் என்றால் முதலில் கணக்கு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க முன் சக்கரத்தின் மேல் 300 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயர் என்றால் பக்கவாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு விசை, அதாவது 3,000 நியூட்டன் வரும். அந்த விசை பிடிப்பது தரையில், ஹப்பின் மையத்திலிருந்து 0.3 மீட்டர் கீழே. ஆக, 900 நியூட்டன் மீட்டர் வளைக்கும் திருப்புத்திறன் ஹப்பின் தண்டில் (பேரிங்குக்குள் போகும் உருளைப் பகுதி) ஏறுகிறது. தண்டு 30 மி.மீ. என்றால் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் சுமார் 340 நியூட்டன் அழுத்தம், 40 மி.மீ. என்றால் 143 தான். பத்து மி.மீ. கூட்டினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கும் அடி இதற்கு மேல்.

சக்கரம் சுற்றுவதால் தண்டின் ஒரே இடம் ஒரு அரைச் சுற்றில் இழுபட்டு, அடுத்த அரைச் சுற்றில் அமுங்குகிறது. 60 செ.மீ. டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 முறை சுற்றும், 10,000 கி.மீ.க்கு ஐம்பது லட்சத்துக்கு மேல். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே அழுத்தம் இருந்தால் எத்தனை சுற்றும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த வரம்பு இல்லை, சுற்று ஏற ஏறச் சோர்ந்துகொண்டே போகும். ரேஸ் வண்டியில் மணிக்கணக்கு எழுதி வைத்து ஹப்பை மாற்றுவார்கள், தெருவில் ஓடும் வண்டிக்கு அது ஒத்துவராது. அதனால் தண்டு எஃகாகவே இருக்கட்டும். இஎன்24 என்ற வலுவான கலப்பு எஃகை ஏற்கெனவே கடினப்படுத்திய நிலையில் வாங்கிக் கடைந்தால், கடைந்த பிறகு சூடேற்றி வளைந்துபோகும் தொல்லையும் இல்லை. வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது மூலைக்கு வருகிறேன். நான் முதலில் கட்டிய வண்டியின் ஹப் ஒன்று முறிந்தது, நல்லவேளை, மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து பிறை பிறையாகக் கோடுகள் உள்ளே போயிருந்தன, அந்தப் பகுதி வழவழப்பாக, மீதி மட்டும் உடைந்த கருங்கல் போலச் சொரசொரப்பாக இருந்தது. விரிசல் பல நாளாக நகர்ந்து வந்திருக்கிறது, மிச்சம் கடைசியில் ஒரே அடியில் போயிருக்கிறது. அந்தப் புள்ளி எங்கே என்றால், தண்டும் ஃபிளாஞ்சும் (சக்கரம் மாட்டும் தட்டு) சேரும் மூலையில். கூர்முனை டூலால் நேர்மூலையாக வெட்டியிருந்தார்கள், நான் கொடுத்த வரைபடத்தில் ரேடியஸ், அதாவது மூலையின் வளைவு, எழுதவே இல்லை. எழுதுங்கள்: 3 மி.மீ. ரேடியஸ், டூல் வரி தெரியாத பாலிஷ். பேரிங்கின் உள்வளைய விளிம்பு அவ்வளவு ரேடியஸுக்கு இடம் தராது, பேரிங் முழுதாக உட்காராது. அதற்காக ரேடியஸைக் குறைக்காதீர்கள், உட்புறம் சரிவு வெட்டிய ஒரு வளையத்தை இடையில் போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், பேரிங் உட்காரும் இடத்தையும் ஃபிளாஞ்சின் முகத்தையும் ஒரே செட்டிங்கில் முடிக்கச் சொல்லுங்கள். கழற்றித் திருப்பி மாட்டினால் முகம் ஆடும், பிரேக் டிஸ்க் அதோடு சேர்ந்து ஆடும். மாட்டிய பின் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றினால் 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சுற்றுவது உள்வளையம், அதனால் 40 மி.மீ. பேரிங் என்றால் தண்டு அதன் துளையைவிட 10 முதல் 25 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாக இருப்பது வழக்கம். பேரிங்கைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது எந்த வளையம் இறுக்கமாகப் போகிறதோ அதன் மேல்தான் பிரஸ் அழுத்த வேண்டும். குண்டுகள் வழியாக அழுத்தினால் ஓடுவதற்கு முன்பே பேரிங்கில் குழி விழுந்துவிடும்.

கேள்வி: ஸ்டட்டை (சக்கரத்தின் நட்டு ஏறும் மரைக்கம்பி) ஃபிளாஞ்சில் மரை போட்டு முறுக்கலாமா?

பதில்: பின்பக்கமிருந்து அழுத்தி ஏற்றும், கழுத்தில் பல் வெட்டிய ஸ்டட்டே நல்லது, தலை பின்னால் தாங்குவதால் உருவி வராது. மரைதான் வழி என்றால் எஃகில் ஸ்டட்டின் விட்டமளவுக்காவது மரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும், எம்12 என்றால் 12 மி.மீ. ஓட ஆரம்பித்து 1,000 கி.மீ. ஆனதும் சக்கரத்தைக் கழற்றி, வெல்டிங் சோதனைக்குப் பயன்படுத்தும் சிவப்புச் சாயத்தை அந்த மூலையில் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்துப் பாருங்கள். சிவப்பாக ஒரு மயிரிழைக் கோடு கசிந்தாலும் அந்த ஹப்பை மறுபடி மாட்டாதீர்கள்.