சென்னை அறியாத 'மெட்ராஸ்'

கேள்வி: இங்கிலாந்தில் சிறிய ஊர் ஒன்றில் என் மகள் மேற்படிப்புப் படிக்கிறாள். அவ்வூரிலுள்ள மூன்று இந்திய உணவகங்களையும் வங்கதேசத்தவர்களே நடத்துகிறார்களாம். உணவுப் பட்டியலில் 'சிக்கன் மெட்ராஸ்' என்று கண்டு ஆசையோடு வரவழைத்தவளுக்கு, நம் வீட்டுக் கோழிக்குழம்போடு சற்றும் தொடர்பில்லாத ஒன்று கிடைத்திருக்கிறது. இந்தியாவின் பெயரையும் சென்னையின் பெயரையும் இப்படிப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை அல்லவா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தங்கள் மகளின் ஏமாற்றம் புரிகிறது; ஆனால் அதை ஏமாற்று வேலை என்று கூற எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனின் சிற்றூர்களில் இந்திய உணவகம் நடத்துபவர்களில் மிகப் பலர், வங்கதேசத்தின் வடகிழக்கிலுள்ள சில்ஹெட் பகுதியிலிருந்து சென்றவர்கள் அல்லது அவர்களின் வழிவந்தவர்கள். கல்கத்தாவில் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் ஏறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட சில்ஹெட் ஆண்களுள் சிலர், லண்டன் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் புறப்பட்ட காலத்தில் வங்கதேசம் என்றொரு நாடே இல்லை. சில்ஹெட் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் அசாம் மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1947இல் நடந்த வாக்கெடுப்பின்படி அதன் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு இணைந்தது. 1971இல் அது வங்கதேசத்தின் பகுதியாயிற்று. பிறந்த ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது இருமுறை மாறியபோதும், வாடிக்கையாளர்கள் பழகியிருந்த 'இந்தியன்' என்ற பெயரையே அவர்கள் கடைப்பலகையில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அவர்களில் பலர் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்ற பழைய கடைகளை மலிவாக வாங்கி, அவற்றோடு சோறும் குழம்பும் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். மதுக்கடைகள் மூடும் நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்ததால் பசியோடு வந்த கூட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் அந்தச் சமையல் முறையே உருவாயிற்று. பெரிய அண்டாவில் வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, மசாலாவோடு நெடுநேரம் வேகவைத்து மையாக அரைத்து, பகலிலேயே ஒரு பொதுக் குழம்பைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். இரவில் ஒவ்வொருவரும் கேட்டபடி, வாணலியில் கொதிக்கும் எண்ணெயில் அந்தக் குழம்பை ஊற்றி, தேங்காயும் பாலேடும் சேர்த்தால் கோர்மா, மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், பருப்புச் சேர்த்தால் தன்சாக் என்று சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். ஓரிரு சமையற்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவுக் கூட்டத்துக்குப் பரிமாற வேண்டிய சிற்றூர்க் கடையில், நம் வீட்டைப் போல் ஒவ்வொரு குழம்புக்கும் தனித்தனியே வறுத்து அரைத்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கைவேகத்தை நான் ஒரு தனித்திறமையாகவே மதிக்கிறேன்.

ஆகவே, அங்கே 'மெட்ராஸ்' என்பது காரத்தின் அளவைக் குறிக்கும் சொல்லே: கோர்மாவில் காரம் மிகக் குறைவு, மெட்ராஸில் நல்ல காரம், விண்டலூவில் அதற்கும் மேல். போர்த்துகீசியரிடமிருந்து கோவா பெற்று, வினிகரும் பூண்டும் மணக்கச் சமைத்த விண்டலூவே அங்கே வெறும் மிளகாய்க் காரத்தின் பெயராகிவிட்டபோது, நம் சென்னை மட்டும் தப்பிவிடுமா?

கேள்வி: அப்படியானால், அந்தக் கடைகளில் என் மகள் நல்ல சாப்பாடு சாப்பிட வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. கடையில் வேலை செய்பவர்கள் தங்களுக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளும் உணவு, பட்டியலில் உள்ளவற்றிலிருந்து பெரும்பாலும் வேறுபட்டது. கூட்டமில்லாத ஒரு வாரநாள் மாலையில் சென்று, கடைக்காரர்கள் தம் வீட்டில் உண்பதைத் தர முடியுமா என்று தங்கள் மகள் மரியாதையோடு கேட்டுப் பார்க்கட்டும். எலும்போடு வெந்த இறைச்சியோ மீன் குழம்போ கிடைக்கலாம். நம் நார்த்தங்காயை நினைவூட்டும் தடித்த தோலுடைய சாத்கொரா என்ற சில்ஹெட் பழத்தைத் துண்டு போட்டு அதில் சேர்த்திருந்தால், அந்தத் துண்டுகளை ஒதுக்காமல் சோற்றோடு பிசைந்து உண்ணச் சொல்லுங்கள்.